வைஃபை, லேன் டிரைவரால் கிராஷ் ஆகும் லேப்டாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10, 11 லேப்டாப்களுக்கானது இந்தப் பக்கம். டிரைவர் என்பது ஒரு வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்; லேன் என்பது கேபிள் வழி நெட்வொர்க். கடைசியில் லினக்ஸ் பற்றியும் கொஞ்சம் உண்டு. மெனு, கோப்புப் பெயர்கள் திரையில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இங்கே அவற்றை வாசிக்கும் ஒலிப்படி எழுதியிருக்கிறோம்.

வைஃபை டிரைவர் கெட்டால் வைஃபை மட்டும்தானே போக வேண்டும்? லேப்டாப்பே ஏன் நின்றுபோகிறது?

பிரவுசர் தப்பு செய்தால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிடும். டிரைவர் அப்படியல்ல. வைஃபை, லேன் டிரைவர்கள் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. கர்னலின் நினைவகம் முழுவதையும் அவற்றால் தொட முடியும். ஒரு டிரைவர் தனக்குச் சம்பந்தமில்லாத முகவரியில் எழுதிவிட்டால், வேறு எது கெட்டிருக்கிறது என்று கர்னலுக்குத் தெரியாது. மேற்கொண்டு ஓடினால் வட்டில் இருக்கும் கோப்புகளும் சிதையலாம். அதனால் தானே நின்றுவிடுகிறது. நீலத்திரை என்பது இந்த வேண்டுமென்றே நிற்றல்தான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அது நெட்வொர்க் டிரைவர் அல்ல. ஆனால் விழுந்த விதம் இதேதான்.

நெட்வொர்க் டிரைவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பாக்கெட் (நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டு) வந்ததும் கார்டு பிராசசரைக் குறுக்கிடுகிறது. அந்த வேலையை டிரைவர் உயர்ந்த முன்னுரிமை நிலையில் செய்கிறது. அந்த நிலையில் இருக்கும்போது, வட்டுக்கு நகர்த்தப்பட்ட நினைவகப் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அப்படிப்பட்ட முகவரியையோ ஏற்கெனவே விடுவித்துவிட்ட முகவரியையோ டிரைவர் தொட்டால் உடனே கிராஷ். பெரிய டவுன்லோடு ஓடும்போதோ மீட்டிங் நடுவிலோ லேப்டாப் விழுவதற்கு இது ஒரு காரணம்: பாக்கெட் அதிகமானால் அந்தப் பிழையான வரி ஓடும் வாய்ப்பும் அதிகம்.

நெட்வொர்க் டிரைவர்தான் காரணம் என்று எதை வைத்துச் சந்தேகிக்கலாம்?

எப்போது விழுகிறது என்பதைப் பாருங்கள். வைஃபை இணையும் கணம், பெரிய கோப்பு நகலாகும்போது, விபிஎன் போட்டவுடன், மூடியைத் திறந்து தூக்கத்திலிருந்து எழுப்பும்போது: இந்த நான்கில் ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால் சந்தேகம் நியாயமானது. விண்டோஸ் அப்டேட் முடிந்த மறுநாளிலிருந்து தொடங்கியிருந்தால் இன்னும் வலுவானது.

அடுத்து, கிராஷ் திரையில் தெரியும் நிறுத்தக் குறியீடு. அது பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் இருக்கும். முன்னால் வரும் சுழிகளை விட்டுவிட்டால் முக்கியமானவை இவை:

- டி1, டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்: மேலே சொன்ன தவறான முகவரிப் பிழை. நெட்வொர்க் டிரைவர்களில் அதிகம் தென்படுவது.
- 9எஃப், டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்: தூங்கு, எழு என்ற கட்டளையை டிரைவர் முடிக்காமல் பிடித்துவைத்திருக்கிறது.
- 133, டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்: டிரைவர் பிராசசரை அனுமதித்த நேரத்துக்கு மேல் விடாமல் வைத்திருக்கிறது. விழுவதற்கு முன் ஒலி விக்கும், மவுஸ் திக்கும்.

124 வந்தால் அது பெரும்பாலும் வன்பொருள். 116 கிராஃபிக்ஸ். ஒவ்வொரு முறையும் வேறு வேறு குறியீடும் வேறு வேறு கோப்புப் பெயரும் வந்தால் டிரைவரை விட்டுவிட்டு ரேமைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு நான்கு சுற்று ஓடவிட்டால் போதும். ரேம் கெட்ட லேப்டாப்பில் வைஃபை டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

திரை ஒரு நொடியில் மறைந்து ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. குறியீட்டை எங்கே பார்ப்பது?

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 2025-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அந்தத் திரை நீலம்கூட இல்லை, கருப்பு. சாதாரண அப்டேட் திரை என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து ஈவென்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போங்கள். கர்னல்-பவர் 41 என்ற பதிவைப் பலர் பார்த்துவிட்டு ‘பவர் சப்ளை பிரச்சினை’ என்று முடிவு செய்கிறார்கள். லேப்டாப் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. அதன் டீட்டெய்ல்ஸ் பகுதியில் பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். அது பதின்ம எண்ணில் இருக்கும்: 209 என்றால் டி1, 159 என்றால் 9எஃப், 307 என்றால் 133. அங்கே 0 இருந்தால் நிறுத்தக் குறியீடே பதிவாகவில்லை என்று பொருள். மின்சாரம் போனது, சூடேறி அணைந்தது, உறைந்துபோய் நீங்களே பவர் பட்டனை அழுத்தியது போன்றவற்றில் ஒன்றாக இருக்கும். 1001 எண்ணுள்ள பக்செக் பதிவில் குறியீட்டுடன் டம்ப் கோப்பின் (கிராஷ் நேரத்து நினைவகப் பதிவு) இடமும் இருக்கும்.

அடுத்த முறைக்குத் தயாராக: தேடலில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தட்டி, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரியைத் திறந்து, ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் டிக்கை எடுங்கள். டம்ப் வகையை ஸ்மால் மெமரி டம்ப், 256 கேபி என்று வையுங்கள். சி டிரைவில் பேஜ் ஃபைலை (ரேமுக்குத் துணையாக விண்டோஸ் பயன்படுத்தும் வட்டுக் கோப்பு) யாராவது ‘வேகத்துக்காக’ அணைத்துவைத்திருந்தால் டம்ப் எழுதப்படாமல் போகலாம், மறுபடி இயக்கிவிடுங்கள்.

டம்ப் கோப்பை எப்படிப் படிப்பது?

சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் இருக்கும். கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்துவிட்டுத் திறங்கள். இருந்த இடத்திலேயே திறந்தால் அனுமதி இல்லை என்று மறுக்கும். எளிய வழி நிர்சாஃப்டின் புளூஸ்கிரீன்வியூ. கிராஷ் நேரத்து ஸ்டாக்கில் (அப்போது ஒன்றையொன்று அழைத்து ஓடிக்கொண்டிருந்த செயல்களின் அடுக்கு) இருந்த டிரைவர்களை அது வண்ணமிட்டுக் காட்டும். இன்னும் நம்பகமானது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் விண்டிபிஜி. டம்பைத் திறந்ததும் அனலைஸ் என்ற இணைப்பு தோன்றும். அதைச் சொடுக்கி, இமேஜ் நேம் என்ற வரியையும் ஸ்டாக் டெக்ஸ்ட் பகுதியையும் படியுங்கள்.

பார்க்க வேண்டிய பெயர்கள்: ‘நெட்-டபிள்யூ-டி-டபிள்யூ’ என்று தொடங்கி 06, 08, 10 போன்ற எண்ணில் முடிந்தால் இன்டெல் வைஃபை. ‘ஆர்டி-டபிள்யூ-லேன்-ஈ’ ரியல்டெக் வைஃபை. ‘ஆர்டி640’ ரியல்டெக் லேன். ‘எம்டிகே’ என்று தொடங்குவது மீடியாடெக். ‘கியூசிஏ’ அல்லது ‘ஏடிஎச்’ என்று தொடங்கினால் குவால்காம், அதன் பழைய ஏதெரோஸ் வரிசை. ‘பிசிஎம்-டபிள்யூஎல்’ பிராட்காம். ‘கேஎஃப்ஈ’ என்று தொடங்குவது கில்லர் நெட்வொர்க்கிங் மென்பொருளின் வடிகட்டி, அதாவது பாக்கெட்டுகளை இடைமறித்துப் பார்க்கும் டிரைவர். அது கார்டின் டிரைவர் அல்ல, மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் கூடுதல் சரக்கு.

ஒரே டம்பை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். மூன்று டம்பில் குறைந்தது இரண்டு ஒரே பெயரைச் சொல்லட்டும்.

டம்ப் ‘என்டிஐஎஸ்’, ‘டிசிபிஐபி’, ‘நெட்ஐஓ’ என்று விண்டோஸின் சொந்தக் கோப்பைக் காட்டுகிறதே?

இவை மூன்றும் மைக்ரோசாஃப்டின் கோப்புகள். பெரும்பாலும் இவை குற்றவாளி அல்ல, சம்பவ இடத்தில் நின்ற சாட்சி. எல்லா நெட்வொர்க் டிரைவரும் விண்டோஸின் பொது நெட்வொர்க் இடைமுகமான என்டிஐஎஸ் வழியாகத்தான் பேசும்; டிரைவர் கெட்ட பாக்கெட்டைக் கொடுத்தால், அதைக் கையில் வாங்கிய என்டிஐஎஸ் விழும். ஸ்டாக்கில் அதற்குச் சற்று மேலும் கீழும் மைக்ரோசாஃப்ட் அல்லாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நெட்ஐஓ, டிசிபிஐபி என்று வந்தால் முதலில் ஆன்டிவைரஸ், விபிஎன் பக்கம் திரும்புங்கள். பாக்கெட்டுகளை இடைமறித்துப் பார்க்கும் மென்பொருள்கள் கொக்கி போடுவது அங்கேதான்.

எதையும் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை என்ன?

கார்டை முடக்கிவைப்பது. அன்இன்ஸ்டால் வேண்டாம், முடக்கினால் போதும். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் விரித்து, வைஃபை கார்டில் வலது கிளிக் செய்து டிசேபிள் டிவைஸ் கொடுங்கள். இணையத்துக்கு ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள்; விண்டோஸ் அதைத் தன்னிடமுள்ள டிரைவராலேயே ஏற்றுக்கொள்ளும். ஏர்பிளேன் மோட் இந்தச் சோதனைக்குப் போதாது. ரேடியோ அணைந்தாலும் டிரைவர் ஏறியேதான் இருக்கும்.

இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது? சராசரியாக எத்தனை நாளுக்கு ஒருமுறை விழுமோ அதைப்போல மூன்று மடங்கு. இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றால் ஒரு வாரம்.

விழவில்லையா, கார்டோ அதன் டிரைவரோதான். முன்போலவே விழுகிறதா? கார்டு தப்பித்தது. டெதரிங்கும் என்டிஐஎஸ் வழியாகத்தான் போகிறது என்பதால் விபிஎன், ஆன்டிவைரஸ் போன்ற வடிகட்டி மென்பொருள்மேல் சந்தேகம் நிற்கிறது. இணையத்தையே முழுக்கத் துண்டித்தும் விழுந்தால் நெட்வொர்க்கை மறந்துவிட்டு ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் என்று பாருங்கள். இந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்து நேரே டிரைவர் மாற்றத் தொடங்குவதுதான் நிறைய பேரின் நேரத்தைத் தின்கிறது.

டெஸ்க்டாப் வருவதற்குள்ளேயே விழுகிறது. உள்ளே எப்படிப் போவது?

லாகின் திரை வரை வந்தால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட். அதுவும் வராவிட்டால், விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மீட்புத் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4. சேஃப் மோடில் நெட்வொர்க் டிரைவர் ஏறாது. 5-ஐ அழுத்தினால் நெட்வொர்க்கிங்குடன் ஏறும். 4-இல் நின்று 5-இல் விழுந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

தொடங்கும் முன் ஒன்று: பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் குறியாக்கம்) இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் இருக்கும். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவிடம். எண் கையில் இல்லாமல் மீட்புத் திரைக்குள் போக வேண்டாம்.

சரியான டிரைவரை எங்கிருந்து எடுப்பது?

முதலில் கார்டு எது என்று உறுதிசெய்யுங்கள். ஒரே மாடல் லேப்டாப்பில்கூடத் தயாரிப்புத் தொகுதிக்கு ஏற்ப இன்டெல், ரியல்டெக், மீடியாடெக் என்று மாறி மாறி வைப்பார்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடீஸ். அதில் விஈஎன் என்பதற்கு அடுத்த நான்கு எழுத்துகள்தான் தயாரிப்பாளர்: 8086 இன்டெல், 10ஈசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 168சி அல்லது 17சிபி குவால்காம், 14ஈ4 பிராட்காம். ஏஎம்டி ஆர்இசட்608, ஆர்இசட்616 என்று பெயர் காட்டும் கார்டுகள் உண்மையில் மீடியாடெக். ஏஎம்டி தளத்தில் தேடி அலைய வேண்டாம். கில்லர் ஏஎக்ஸ்1650 உள்ளே இன்டெல். பழைய கில்லர் 1535 குவால்காம்.

பிறகு லேப்டாப் நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில், மாடல் பெயரால் அல்ல, அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணால் தேடுங்கள். அந்த லேப்டாப்பின் பயாஸோடும் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) தூக்க முறையோடும் சோதிக்கப்பட்ட டிரைவர் அது. இன்டெல் வைஃபைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: லேப்டாப் நிறுவனம் நீண்ட காலமாகப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இன்டெல் தளத்தின் பொது டிரைவரைத் தாராளமாகப் போடலாம். புளூடூத்தும் அதே கார்டில்தான் என்பதால் இரண்டையும் ஒரே காலத்து வெளியீட்டிலிருந்து எடுப்பது நல்லது. ரியல்டெக்கின் லேன் டிரைவர்கள் அதன் தளத்தில் கிடைக்கும். லேப்டாப்புக்கான ரியல்டெக், மீடியாடெக் வைஃபை டிரைவருக்கோ லேப்டாப் நிறுவனம்தான் கதி.

புதியதுதான் நல்லது என்று எண்ண வேண்டாம். பிரச்சினை அப்டேட்டுக்குப் பிறகு வந்தது என்றால் தேவை அதற்கு முந்தைய பதிப்பு.

டிரைவரை எப்படி மாற்றுவது?

அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பகுதி, ரோல் பேக் டிரைவர். ஒரு நிமிட வேலை. அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு சேமிப்பில் இல்லை. கீழ்க்கண்டபடி சுத்தமாகப் போட வேண்டும்.

1. புதிய டிரைவரின் நிறுவுகோப்பை முதலிலேயே இறக்கி டெஸ்க்டாப்பில் வையுங்கள். இதை மறந்துவிட்டு, வைஃபையை நீக்கியபின் இணையமில்லாமல் தவிப்பவர்கள் ஏராளம்.
2. ரெஸ்டோர் பாயிண்ட் (தவறினால் திரும்பிவருவதற்கான சேமிப்பு நிலை) ஒன்று உருவாக்குங்கள்.
3. இணையத்தைத் துண்டியுங்கள். விட்டால் நீங்கள் நீக்கிய மறு நிமிடமே விண்டோஸ் அப்டேட் தனக்குப் பிடித்ததைப் போட்டுவிடும்.
4. ஆப்ஸ் பட்டியலில் கார்டு நிறுவனத்தின் மென்பொருள் இருந்தால் அதை நீக்குங்கள்.
5. டிவைஸ் மேனேஜரில் அன்இன்ஸ்டால் டிவைஸ். அப்போது வரும் சிறு பெட்டியில் டிரைவரையும் நீக்கும் டிக் இருக்கும். அதைப் போடாவிட்டால் பழையதே திரும்பி வரும்.
6. ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ் கொடுங்கள். இன்னொரு பழைய பதிப்பு தலைகாட்டினால் அதையும் டிக்கோடு நீக்குங்கள். சேமிப்பில் மூன்று நான்கு பதிப்புகள்கூட அடுக்கி இருக்கும். விண்டோஸோடு வந்த டிரைவருக்கு அந்த டிக்கே வராது, அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.
7. ரீஸ்டார்ட், நிறுவல், மறுபடி ரீஸ்டார்ட்.

ரீஸ்டார்ட் என்றால் ரீஸ்டார்ட்தான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் லேப்டாப்பில் ஷட்டவுன் செய்தால் கர்னல் முழுவதும் அணையாது. அதை வட்டில் உறையவைத்துவிட்டு அடுத்த முறை அப்படியே எழுப்பும். ‘அணைத்துப் போட்டும் சரியாகவில்லை’ என்ற புகாரின் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

சரியாக ஓடிய பழைய டிரைவரை விண்டோஸ் அப்டேட் மாற்றிக்கொண்டே இருக்கிறது. தடுக்க முடியாதா?

புரோ பதிப்பில் குரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட் பிரிவுக்குள் ‘டு நாட் இன்க்ளூட் டிரைவர்ஸ் வித் விண்டோஸ் அப்டேட்ஸ்’ என்பதை இயக்குங்கள். ஹோம் பதிப்பில் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ் என்று தேடி, ‘நோ’ கொடுங்கள். இது குரூப் பாலிசி அளவுக்கு உறுதியானதல்ல. பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு டிரைவர் பதிப்பு எண்ணை ஒருமுறை சரிபார்க்கவும். ஆப்ஷனல் அப்டேட்ஸில் காட்டும் டிரைவர்களைத் தேவையில்லாமல் தொடாதீர்கள்.

மூடியைத் திறந்தால் மட்டும் கிராஷ். மற்ற நேரம் ஒன்றுமில்லை.

இது 9எஃப் வகை. தூக்கத்தின்போது கார்டும் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. எழும்போது கார்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரோடு டிரைவர் மறுபடி கைகுலுக்க வேண்டும். அந்த இடத்தில் சிக்கிக்கொள்கிறது. டிரைவர் மாற்றியும் தீராவிட்டால்: பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுங்கள். மாடர்ன் ஸ்டாண்ட்பை (போன்போலத் தூங்கும் புதிய முறை) உள்ள லேப்டாப்களில் அந்தப் பகுதியே இல்லாமல் இருக்கலாம், கோளாறு அல்ல. லேன் போர்ட் என்றால் அட்வான்ஸ்டு பகுதியில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்டை அணைத்துப் பாருங்கள். பழைய பவர் ஆப்ஷன்ஸில் ஒயர்லெஸ் அடாப்டர் செட்டிங்ஸ் இருந்தால் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ்.

இந்த வகைக் கோளாறுக்கு மட்டும் பயாஸ் அப்டேட் உண்மையிலேயே உதவுகிறது. தூக்க நிலைகளைக் கையாள்வதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. சார்ஜரை இணைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஒரே நாளில் பயாஸ், டிரைவர், செட்டிங் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது.

விபிஎன், ஆன்டிவைரஸ் மென்பொருளை அணைத்துவைத்தால் போதாதா?

போதாது. ஐகானில் ‘டிசேபிள்’ கொடுத்தாலும் அதன் வடிகட்டி டிரைவர் கர்னலில் ஏறியே இருக்கும். முழுதாக நீக்க வேண்டும். ஆன்டிவைரஸ் என்றால் அதன் நிறுவனம் தரும் நீக்கும் கருவியால். விண்டோஸின் டிஃபெண்டர் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். நீக்கியபின் நெட்வொர்க் கனெக்ஷன்ஸில் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸ் பட்டியலைப் பாருங்கள். என்பிகேப் (பாக்கெட் பதிவுக் கருவி), விர்ச்சுவல்பாக்ஸ் பிரிட்ஜ், எப்போதோ போட்ட விபிஎன்னின் மிச்சம் எல்லாம் அங்கே டிக்கோடு உட்கார்ந்திருக்கும். தேவையில்லாதவற்றின் டிக்கை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதியுங்கள்.

டிரைவர் அப்டேட்டர் மென்பொருள் ஒன்று போடலாமா?

வேண்டாம். பெயர் ஒத்துப்போனால் போதும் என்று தவறான டிரைவரைப் போட்டுவைக்கும்.

நெட்வொர்க் ரீசெட், விண்டோஸ் ரீஇன்ஸ்டால்?

ரீசெட் அடாப்டர்களை நீக்கி மறுபடி நிறுவும். செட்டிங்குகள் ஆரம்ப நிலைக்குப் போகும். ஆனால் சேமிப்பில் இருக்கும் அதே டிரைவர்தான் திரும்ப வரும். வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், விபிஎன்னை மறுபடி போட வேண்டியிருக்கும். விண்டோஸையே புதிதாகப் போட்டாலும் அப்டேட் வழியாக அந்தப் பழுதான டிரைவரே வந்து சேரலாம்.

டிரைவர் வெரிஃபையர் பற்றிச் சொல்கிறார்களே?

டம்புகள் தெளிவான பெயரைச் சொல்லாதபோது பயன்படும். சந்தேகமுள்ள டிரைவர்களை இது கடுமையாகக் கண்காணித்து, தப்பு செய்த அந்தக் கணத்திலேயே கிராஷ் செய்யவைக்கும். மைக்ரோசாஃப்ட் அல்லாத நெட்வொர்க், விபிஎன், ஆன்டிவைரஸ் டிரைவர்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால் லேப்டாப் நத்தையாகும். ஓரிரு நாள் போதும். குறியீடு சி4 வந்தால் டம்பில் பெயர் இருக்கும். இயக்கும் முன்பே சேஃப் மோடுக்குள் நுழையத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்; அங்கிருந்து வெரிஃபையரைத் திறந்து ‘டெலீட் எக்ஸிஸ்டிங் செட்டிங்ஸ்’ கொடுத்தால் பழைய நிலைக்கு வரும்.

எந்த டிரைவர் போட்டாலும் விழுகிறது. கார்டையே மாற்றலாமா?

மாற்றலாம், பல லேப்டாப்களில் அது எம்.2 2230 அளவு, ஈ-கீ சாக்கெட்டில் ஒரே ஒரு திருகில் நிற்கும் சிறு கார்டு. வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறதா. இரண்டு, இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை பொருந்தும் இன்டெல் போர்டுகளில் மட்டும் ஓடும் சிஎன்விஐஓ வகை. ஏஎம்டி லேப்டாப்பில் அவை இயங்காது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை. மூன்று, சில பழைய லெனோவா, எச்பி மாடல்களின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டை ஏற்காது. புதியது வாங்குவதற்கு முன், பழைய கார்டைக் கழற்றி மறுபடி பொருத்திப் பார்ப்பதற்குச் செலவில்லை. ஆன்டெனா முனைகள் மிகச் சிறியவை. நேர் மேலிருந்து அழுத்துங்கள், சாய்த்தால் வளைந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டே தொடுங்கள்.

வாரன்டி இருந்தால் திறக்காமல் டம்ப் கோப்புகளோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அவசரத்துக்கு, கார்டை முடக்கிவிட்டு ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிளில் ஓட்டலாம்.

லினக்ஸிலும் இதே கதையா?

அடிப்படை அதேதான், டிரைவர் கர்னலுக்குள் ஓடுகிறது. ஆனால் வைஃபை அறுவதும் கணினி விழுவதும் வேறு வேறு. முந்தைய பூட்டின் கர்னல் பதிவை ஜர்னல்சிடிஎல் கட்டளை வழியாகப் பாருங்கள். இன்டெல் கார்டில் ‘மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர் டிடெக்டட்’ என்று இருந்தால் கார்டின் ஃபர்ம்வேர்தான் விழுந்தது. டிரைவர் அதை மறுபடி எழுப்பிக்கொள்ளும், லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பைப் புதுப்பித்துப் பாருங்கள். புதிய கர்னலில் தொடங்கிய கோளாறு என்றால் கணினி ஏறும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். அதில் நின்றால் சந்தேகம் தீர்ந்தது. ஆர்டிடபிள்யூ88, ஆர்டிடபிள்யூ89 டிரைவரில் ஓடும் ரியல்டெக் கார்டுகள் மொத்தமாக உறையவைத்தால் அந்த மாட்யூலின் ஏஎஸ்பிஎம் மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும்.